எழுநூற்று எண்பதாம் கம்பத்து வீடு

நஜப்பிலிருந்து கர்பலா போகும் சாலையில் ஊர்ப்பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்பதில்லை. சாலையோர விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொன்னால் போதும். ஷுக்ரியாவின் வீடு எழுநூற்று எண்பதாம் கம்பத்துக்கு எதிரே. இமாம் ஹுசைனின் நினைவாக லட்சக்கணக்கானோர் கர்பலாவுக்கு நடந்து போகும் நாற்பதாம் நாள் யாத்திரைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிணற்று மோட்டார் புகைந்து நின்றது. வெண்டைத் தோட்டம் தலை தொங்கிப் போனது.

அந்த வாரமே பாக்தாத்திலிருந்து ஓர் ஏஜென்ட் வந்தான். வசதியான யாத்திரிகர்களுக்குப் பத்து நாள் வீட்டை விட்டால் இருபது லட்சம் தினார் தருவதாகச் சொன்னான். ஷுக்ரியாவின் கணவர் சாசிப் அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தார்.

"மோட்டார் வாங்கி மிச்சமும் இருந்திருக்குமே! வெண்டைக்கு இனி உங்க வாய்ப்பேச்சையா பாய்ச்சுறது?"

"அந்தப் பத்து நாளும் வீடு ஹுசைனோட விருந்தாளிங்களுது, ஷுக்ரியா. நம்மது இல்லாததை எப்படி வாடகைக்கு விடுவேன்?"

இரண்டு நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு நடப்பவர்கள் வரத் தொடங்கினார்கள், கோபப்பட நேரமில்லை. சாசிப் நடுச்சாலையில் கைகளை விரித்து நின்று, தன் வீட்டில் தங்கிப் போகும்படி வருகிறவர்களிடம் கெஞ்சினார். ஒரு முதியவரின் கையை அவர் பிடிக்க, மறுகையைப் பக்கத்து வீட்டு ஹாத்திம் பிடித்து இழுத்தான்.

"போன வருசமும் நீதானே கூட்டிட்டுப் போனே? இவர் எனக்கு!"

"விடுடா, அவர் செருப்பு எங்க வாசல்ல கழண்டாச்சு!"

வந்தவர்களில் பஹ்ரைன்காரி ஸக்கியாவும் ஒருத்தி. பாதமெல்லாம் கொப்புளம். இரண்டு நாள் ஷுக்ரியா அவள் காலை உப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் துடைத்தாள். வாடிய தோட்டத்தைப் பார்த்து ஸக்கியா காரணம் கேட்டாள். மோட்டார் கதையைச் சொன்னாள் ஷுக்ரியா.

மூன்றாம் நாள் காலை ஸக்கியா புறப்பட்டுப் போன பின், அவள் படுக்கையைச் சுருட்டியபோது இரண்டு தங்க வளையல்கள் உருண்டன. யாரும் பார்க்கவில்லை. வளையல்களை இறுக்கிப் பிடித்தபடி ஷுக்ரியா தோட்டத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு கறுப்பு அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடினாள்.

எண்ணூற்று இருபத்து மூன்றாம் கம்பத்தருகே, ஒரு தேநீர்ப் பந்தலில் ஸக்கியா உட்கார்ந்திருந்தாள்.

"மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களே, அக்கா!"

"மறக்கலம்மா. மோட்டாருக்குன்னுதான் வச்சேன்."

இதை ஷுக்ரியா எதிர்பார்க்கவில்லை. இனி வளையல் அவளுடையதே. திரும்பி நடந்தால் கேட்பாரில்லை. ஸக்கியாவின் மணிக்கட்டைப் பிடித்து ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள்.

"இதை வாங்கிக்கிட்டா, உங்க காலைக் கழுவுனது கூலிக்குன்னு ஆயிடாதா, அக்கா?"

சொன்ன பிறகுதான் அது சாசிப்பின் பேச்சு போல இருக்கிறதே என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது.

திரும்பும்போது கூட்டத்துக்கு எதிரே நடந்தாள். அத்தனை வருடம் வாசலில் நின்று பார்த்த சாலைதான், நடுவே நடந்ததில்லை. ஒவ்வொரு கம்பத்தடியிலும் யாராவது வழிமறித்தார்கள். தள்ளுவண்டிக்காரன், பள்ளி வாத்தியார், காலில்லாத ஒருவர்கூடத் தரையில் அமர்ந்து பேரீச்சம்பழத் தட்டை உயர்த்தினார்.

"நான் இந்த ஊர்க்காரிதான்யா!"

"ஊர்க்காரின்னா பசிக்காதா? எடு தாயி!"

கண்ணுக்கெட்டிய தூரம்வரை மனிதத் தலைகள். ஒருவர் கையும் காசுக்காக நீளவில்லை. தட்டிலிருந்து ஒரு பழத்தை எடுத்துக்கொண்டாள் ஷுக்ரியா.

அந்த வருடம் பாதி வெண்டை கருகியது. மீதிக்கு ஷுக்ரியாவும் சாசிப்பும் கிணற்றிலிருந்து வாளியால் இறைத்து ஊற்றினார்கள்.