புளியங்கொட்டை ஜாடி

யுத்தம் முடிந்த வருஷம், சாந்தோமில் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் உபதேசியார் ஒரு கண்ணாடி ஜாடி நிறையப் புளியங்கொட்டை போட்டு வைத்திருந்தார். எத்தனை என்று சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். சரியான எண் அவர் சட்டைப்பையில் இருந்தது. கூடவோ குறையவோ இருபதுக்குள் வந்தால் அப்போதே ஒரு மெழுகுவத்தி. துல்லியமாகச் சொன்னால் சுவர்க் கடிகாரம்.

எனக்கு எட்டு வயது. ஜாடியில் மூக்கை அழுத்தி எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போய், நூறு என்று எழுதினேன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்த அக்கா ஜாடிப் பக்கமே வரவில்லை. கணக்குப் படிக்கக் காலேஜில் சேர அவள் நீட்டிய தாளில் அப்பா ஒரு மாதமாகக் கையெழுத்துப் போடாமல் இருந்தார். "பொட்டப் புள்ளைக்கு இன்னாத்துக்குக் கணக்கு?" என்பது அவர் கட்சி.

அக்கா மெழுகுவத்தி வாங்கியவர்களை மட்டும் கவனித்தாள். பட்டினப்பாக்கத்து மீன்காரம்மா சொன்னது 412. ராயப்பேட்டைக் கம்பவுண்டர் சொன்னது 452. உடனே என்னை இழுத்து உட்காரவைத்து, கோயில் முற்றத்து மணலில் விரலால் இரண்டு நெட்டுக்கோடு போட்டு, நடுவே எண்களை எழுதினாள்.

"கோட்டுக்குள்ள இருக்கறது வித்தியாசம். கூடவா கொறயவான்னு கேக்காது, இருபதத் தாண்டக் கூடாது, அவ்ளோதான். மீன்காரம்மா கணக்குல 432க்கு மேல போவாது. கம்பவுண்டர் கணக்குல 432க்குக் கீழ எறங்காது. அப்ப எங்க நிக்கும்?"

எனக்கு அது மந்திரமாகவே பட்டது. ஒரு கொட்டையைக்கூடப் பார்க்காமல் அத்தனையையும் எண்ணிவிட்டாள்.

"இத அப்பா பாத்தா கையெழுத்துப் போட்டுடுவாரு," என்றாள்.

அவள் சீட்டைப் பார்த்த உபதேசியார், சட்டைப்பையில் இருந்த எண்ணோடு ஒத்துப்பார்த்துவிட்டுக் கடிகாரத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கூட்டம் கூடியது, மணலில் இருந்ததெல்லாம் மிதிபட்டு அழிந்தது. அப்பா ஓடிவந்தார்.

"கணக்குப் போட்டேன்பா," என்றாள் அக்கா.

அப்பா சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ கூடவே இருந்தியே, மெய்யாலுமா?"

மந்திரத்தை வெளியே சொன்னால் பலிக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை. அக்காவின் மந்திரத்தை நான் காப்பாற்றினேன்.

"இல்லப்பா. அவளுக்குச் சும்மாவே தெரிஞ்சிது."

"ராசிக் கை. போற வீடு வெளங்கும்," என்றார் உபதேசியார். அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. அன்றைக்கே வரன் பேச்சு தொடங்கியது. அடுத்த தை மாதம் அந்தக் கடிகாரம் அக்காவோடு சிந்தாதிரிப்பேட்டைக்குப் போனது.

திருவிழாவிலிருந்து திரும்பும்போது, ரகசியம் காத்த பெருமையில் வழியெல்லாம் அக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டிக்கொண்டு வந்தேன். அவள் ஏன் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று எனக்கு விளங்கவேயில்லை.