சராசரி எட்டு புள்ளி ஒன்று

அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு அறுநூறு சட்டை அவள் கைக்கு வரும். காலரை மடக்கிப் பார்ப்பாள், அக்குள் தையலில் விரலை விட்டு இழுப்பாள். ஒரு தையல் விட்டிருந்தாலும் சிவப்பு ஸ்டிக்கர்தான். சூப்பர்வைசர் கெஞ்சினாலும் மசிய மாட்டாள்.

அந்த அக்காதான் அன்று மாலை, நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபின் பின்வாசலில் நின்று, "டேய் பட்டதாரி, அந்த நம்பரை மட்டும் மாத்திக் குடுத்துடேன்" என்றாள்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான். கிராமத்தில் யாருக்கு மருந்துச் சீட்டு வந்தாலும் என்னிடம்தான் வாசிக்கக் கொண்டுவருவார்கள். எனக்கும் அதில் தலைகால் புரியாத பெருமை. சொந்த அக்காவை வாசிக்கத்தான் தவறிவிட்டேன்.

கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. மாதவிலக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்தால் அதிசயம். கழுத்தைச் சுற்றிப் படர்ந்த கருமையை அழுக்கென்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டாள். டாக்டரம்மா அந்தக் கழுத்தைப் பார்த்துத்தான் ரத்தம் எடுக்கச் சொன்னார். சர்க்கரை நோய்.

"மூணு மாசச் சராசரி ஆறரைக்குக் கீழ வரட்டும். அப்புறம் முட்டை வளர மாத்திரை தர்றேன். சர்க்கரை ஏறிக் கிடக்கும்போது கரு தங்கினா அது குழந்தைக்கு ஆபத்தும்மா" என்றிருந்தார்.

இப்போது புது அறிக்கையோடு மறுநாள் காலை அவரைப் பார்க்க வேண்டும். சர்க்கரை விஷயம் அக்காவின் புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. "நாளைக்கும் டாக்டர்கிட்டருந்து குழந்தைக்கு மாத்திரை வாங்காம வெறுங்கையோட வந்தா, என் பையனுக்கு நான் வேற இடம் பார்க்க வேண்டியதுதான்" என்று மாமியார் சொல்லிவிட்டார்.

"காலைல வெறும் வயித்துல தொண்ணூத்தெட்டுதானே இருந்துச்சு? சராசரி மட்டும் எப்படிடா எட்டு புள்ளி ஒண்ணு?"

"மாத்திரையைத் தினமும் போடுறியா?"

அவள் தன் செருப்பைப் பார்த்தாள். மாத்திரை அட்டை தொழிற்சாலையில், பட்டன் டப்பாவுக்குள் இருந்தது. டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் மதியம் எடுத்து விழுங்குவாள். ரெண்டு வருடமாக இதே கதை.

"பரீட்சைக்கு மொத நாள் படிக்கிற மாதிரியா?"

"நீ அப்படித்தானே பாஸ் பண்ணின?"

இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை.

"முட்டைக்கும் சர்க்கரைக்கும் என்னதான்டா சம்பந்தம்?"

"உன் உடம்புல சதை எல்லாம் இன்சுலின் சொல்றதைக் காதுல வாங்கறதில்லக்கா. அதனால இன்சுலின் மேல மேல சுரக்குது. உங்க சூப்பர்வைசர் தொண்டை கிழியக் கத்துற மாதிரி. ஆனா சினைப்பைக்குக் காது நல்லாவே கேக்குது. அந்தக் கத்தலுக்கு அது ஆண் ஹார்மோனைத் தைச்சுத் தள்ளுது. முட்டை பாதியிலயே நின்னுடுது."

"பட்டன் வைக்காத சட்டை."

"ஆமா. அதை நீ பாஸ் பண்ணுவியா?"

நான் உள்ளே போய் எட்டு புள்ளி ஒன்றையே அச்செடுத்து வந்தேன். அக்கா அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "படிச்ச திமிரு" என்றாள். தொழிற்சாலைக்குத் திரும்பி நடந்தாள். என்ன செய்துவிடுவாளோ என்று பின்னாலேயே போனேன். உள்ளே போனவள் பட்டன் டப்பாவோடு வெளியே வந்தாள்.

நானும் கூடவே அவள் புகுந்த வீட்டுக்குப் போனபோது மாமியார் சாப்பாட்டுத் தட்டு வைத்துக்கொண்டிருந்தார். அக்கா மாத்திரை அட்டையையும் அறிக்கையையும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?"

"சர்க்கரை மாத்திரை. எனக்குத்தான் அத்தை."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷம். ஒளிச்சு ஒளிச்சுப் போட்டதாலதான் குறையல. இனிமே உங்க கண்ணு முன்னாலதான் போடுவேன். மூணு மாசம் வேணும். வேற இடம் பார்க்கறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

மாமியார் என்னைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார்.

"இது சாப்பிடறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடி."

மாமியார் சோறு போட்டபோது கரண்டி தட்டில் இடித்தது. அந்த முகத்தில் இருந்தது கோபமா, இரக்கமா என்று எனக்கு வாசிக்கத் தெரியவில்லை. அக்கா உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள்.