அம்மாவுக்குச் சாப்பாடு தேடிய வியாழக்கிழமைகள்

பிள்ளைகளே, வெளியூரிலிருந்து யாராவது வந்தால் நீங்கள் என்னிடம்தான் கேட்கிறீர்கள், "அப்பா, இவையை எங்கை கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பிடலாம்?" என்று. நானும் யோசிக்காமல் சொல்லிவிடுகிறேன். மண்ணீரல் வைத்த பாணுக்கு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கடை, கடலைமாப் பொரியலுக்கு பல்லரோச் சந்தையின் மேல் மூலை, மீனுக்குக் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோ. அப்பா வாழ்க்கை முழுக்கத் தின்றே திரிந்திருக்கிறார் என்று சின்னவள் சிரிப்பாள். நான் மறுத்துப் பேசியதில்லை.

அந்த இடங்களையெல்லாம் நான் ஆசைக்காகத் தேடிப் போகவில்லை. உங்கள் அம்மா சாப்பாட்டை விட்ட ஒரு காலம் இருந்தது. அப்போது தெரிந்துகொண்டவை அவை. உங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு வருடமும் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துகிறோம். அதற்கு மேல் நாங்கள் ஒன்றும் சொன்னதில்லை. இப்போது அம்மாவே சொல்லச் சொல்கிறார். "நான் கதைக்க வெளிக்கிட்டா அழுவன், நீங்கள் எழுதுங்கோ" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரை விட்டு இத்தாலிக்கு வந்து, பல்லரோச் சந்தைக்குப் பக்கத்து ஒழுங்கையில் எங்களுக்கு ஒரு அறை. நான் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் சட்டி பானை கழுவினேன். அம்மாவுக்கு சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு இத்தாலிய அம்மணியின் வீட்டில் வேலை. மாதம் நிறையும் நேரத்தில் பிள்ளையின் துடிப்பு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் வெறுங்கையோடு வந்தோம்.

வந்த நாளிலிருந்து அம்மா சாப்பிடவில்லை. பால் விடாத தேத்தண்ணி, எப்போதாவது ஒரு பிஸ்கட். சோறு போட்டுக் கொடுத்தால் விரலால் கிளறிவிட்டு அப்படியே வைத்துவிடுவார். ஆட்கள் வராமல் இல்லை. பூசைக்கு வரும் எங்கள் பெண்கள் இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். காலநிலையைப் பற்றிக் கதைத்தார்கள், பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கிற வரிசையைப் பற்றிக் கதைத்தார்கள். பிள்ளையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. கைக்குழந்தை உள்ளவர்கள் வரவே இல்லை. அது இரக்கம்தான் என்று எனக்கு விளங்கியது. அவர்கள் போன பிறகு இடியப்பத்தை நான்தான் சாப்பிட்டேன்.

டாக்டர் அம்மாவை நிறுத்துப் பார்த்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, இப்படியே போனால் திரும்பவும் ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து ஊசி வழியாகத்தான் சாப்பாடு ஏற்ற வேண்டிவரும் என்றார். நான் அதை அம்மாவிடம் மறைக்கவில்லை. அம்மா கட்டிலில் இருந்தபடி சொன்னார்:

"அந்தக் கட்டிடத்துக்குள்ளை நான் திரும்பிப் போகமாட்டன். என்னைக் கொண்டுபோனா நான் உயிரோடை வரமாட்டன். சொல்லிப்போட்டன்."

"அப்ப சாப்பிடும்."

"இறங்குதில்லையப்பா."

வீட்டுச் சாப்பாடு இறங்காவிட்டால் வெளிச் சாப்பாடாவது இறங்குமோ என்று நான் நினைத்தேன். வேறு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் வீட்டு வேலைக்காரருக்கெல்லாம் ஓய்வு. எங்கள் ஆட்கள், மொரிசியஸ்காரர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லோரும் வெளியே வந்து ஸ்தாசியோனே பக்கம் நிறைந்துவிடுவார்கள். நானும் முதலாளியிடம் கேட்டு வியாழன் பின்னேரத்தை எனக்கு எடுத்துக்கொண்டேன். அம்மாவுக்குக் குளிர்ச்சட்டையை மாட்டிவிட்டு வெளியே கூட்டிக்கொண்டு போவேன்.

முதலில் மண்ணீரல் பாண். பெரிய தாச்சியில் பன்றி நெய்க்குள் மண்ணீரலைப் புரட்டி எடுத்துப் பாணுக்குள் வைப்பார்கள். சீஸ் போடாவிட்டால் அதற்குக் கன்னி என்று பெயர், போட்டால் கலியாணம் முடித்தது. கடைக்காரர் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அம்மாவைப் பார்த்து, "சிஞ்ஞோரா, கன்னியா, கலியாணம் முடிச்சதா?" என்றார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

"இஞ்சை பாணுக்கும் சம்பந்தம் பேசுறாங்களோ" என்றார் அம்மா. பல நாளுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த பகிடி அது. நான் சந்தோசப்பட்டேன். பாணை வாங்கி மணந்து பார்த்துவிட்டு என்னிடம் தந்தார்.

அடுத்த வியாழன் கடலைமாப் பொரியல். "வடையெண்டு சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள். இதிலை மிளகாயும் இல்லை, வெங்காயமும் இல்லை, வெட்கமும் இல்லை" என்றார். பாதி சாப்பிட்டார். வீட்டுக்கு வந்ததும் வாந்தி.

பிறகு சோற்றை உருண்டையாக்கிப் பொரிக்கிற கடை. மாஃபியாவுக்குப் பயந்து ஒரு நீதவானின் வீட்டு வாசலில் துவக்கோடு காவல் நின்ற பட்டாளக்காரப் பெடியனுக்கு எதிர்ப்புறம், சுவரில் சாய்ந்துகொண்டு நின்றோம். அம்மா உருண்டையைப் பிய்த்து உள்ளே பார்த்தார். "நல்ல சோறு. அதைப் போட்டு இப்பிடி வதைச்சிருக்கிறாங்கள்." இரண்டு வாய் போனது. மிச்சம் கடுதாசியோடு என் கைக்கு வந்தது. இப்படி மிச்சம் தின்று தின்று என் காற்சட்டை இறுகிவிட்டது, அம்மாவின் சட்டை தோளிலிருந்து வழுகியது. வேலையிடத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

என் முதலாளி கத்திக் கத்திப் பேசுகிற ஆள், ஆனால் மனம் கெட்டவர் அல்ல. விசயத்தைக் கேள்விப்பட்டு, மனைவியைக் கூட்டிக்கொண்டு வா என்றார். ஸ்ஃபெர்ராகவால்லோவுக்கு பஸ்ஸில் போனோம். கடலைப் பார்த்த மேசையில் எங்களை இருத்தினார். குசினிக்குள் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "இண்டைக்கு நீ துரை. உன்ர கோப்பையை நான் கழுவுறன்" என்று முதலாளி அவர் பாசையில் சொல்லி என் முதுகில் தட்டினார். அந்தக் கடையில் நான் கதிரையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அங்கே கோப்பை கோப்பையாக வரும். மட்டி, கணவாய், இறால், ஒன்று முடிய ஒன்று. அம்மா எதையும் தொடவில்லை. நான் ஒரு யோசனை வைத்திருந்தேன். அன்று காலை வள்ளத்தில் சின்னச் சுறா வந்திருந்தது. அம்மாவுக்குச் சுறா வறை என்றால் உயிர். சமையல்காரரிடம் சொல்லி, தக்காளி போடாமல் மிளகும் உள்ளிப்பூண்டும் போட்டு அவித்து உதிர்த்து எடுப்பித்தேன். கிட்டத்தட்ட எங்கள் வறை மாதிரியே வந்தது. நானே குசினிக்குள் போய் எடுத்துக்கொண்டு வந்து முன்னால் வைத்தேன்.

அம்மா அதைப் பார்த்தபடி இருந்தார்.

"இது என்ன மீன்?"

"சுறாதான். குட்டிச் சுறா. உமக்கெண்டு செய்விச்சனான்."

"இதை ஆருக்குக் குடுக்கிறது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று கொடுக்கிற மீன் அது. பால்சுறா என்றே சொல்லுவோம். கடற்கரையில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதது அல்ல. ருசியை நினைத்தேனே தவிர வேறு ஒன்றையும் நினைக்கவில்லை.

"பால் கட்டி நெஞ்சு கல்லு மாதிரிக் கிடந்து இப்பத்தான் வத்தினது. திரும்பவும் ஊறி ஆருக்குக் குடுக்கிறது? சொல்லுங்கோ" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. எழுந்து வெளியே போய் வள்ளங்களுக்குப் பக்கத்தில் நின்றார். முதலாளி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து, மீன் பழுதா என்று கேட்டார். மீன் நல்லது, மிக நல்லது என்றேன்.

அதற்குப் பிறகு வியாழக்கிழமைகளில் நாங்கள் வெளியே போகவில்லை. டாக்டர் கடைசித் தவணை சொன்னார். அடுத்த முறை நிறுக்கும்போது இன்னும் குறைந்திருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில்தான். அந்தத் தவணைக்கு முந்தின வியாழன், வீட்டுக்குள் இருக்க மூச்சு முட்டுகிறது என்று அம்மாவே சொன்னார். வெளியே வந்து பல்லரோவைத் தாண்டுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கக் கிடைத்தது ஒரு மொரிசியஸ்காரியின் சாப்பாட்டுக் கடை.

கடை என்று சொல்ல முடியாது. ஒரு அறை, சில மேசைகள், சுவரில் முருகன் படம். தனியாக இருக்கிற மொரிசியஸ் பெடியள் வேலைக்குப் போகும் வழியில் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தப் பெண்ணும் தமிழ் வழி வந்தவர்தான், ஆனால் பாசை போய்விட்டது. சாமிக்குச் சொல்கிற சில சொற்களைத் தவிர இத்தாலியன்தான். எங்களைப் பார்த்ததும் தலையால் கதிரையைக் காட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அவர் ஒரு அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தார். அம்மி என்றால் உண்மையான கல் அம்மி. அவர்கள் நாட்டிலிருந்து யாரோ எப்படியோ கொண்டுவந்தது.

அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு எழுந்து கிட்டப் போனார்.

"கேளுங்கோ, நான் கொஞ்சம் அரைக்கலாமோ எண்டு."

"என்ன அரைக்கப்போறீர்?"

"சரக்கு."

பிள்ளை பெற்றவளுக்கென்று மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி எல்லாம் வறுத்து அரைத்துக் கறி வைப்பது எங்கள் வழக்கம். அதைத்தான் சரக்கு என்போம். உடம்புப் புண் ஆறுவதற்கு. பிள்ளை பிறந்த வீட்டுக்கு உறவுப் பெண்கள் மாறி மாறிக் கொண்டுபோவார்கள். எங்கள் வீட்டுக்கு ஒருவரும் கொண்டுவரவில்லை. பிள்ளை இல்லாத வீட்டுக்கு அதை எப்படிக் கொண்டுபோவது என்று நினைத்திருக்கிறார்கள். கேட்டிருந்தால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

நான் அந்தப் பெண்ணிடம், என் மனைவி தனக்கென்று ஒரு கறி வைக்க விரும்புகிறாள் என்று சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். இது என்ன புதினம், கடைக்கு வந்தவள் சமைக்கக் கேட்கிறாள் என்கிற பார்வை.

"வடிவாச் சொல்லுங்கோப்பா" என்றார் அம்மா. "நான் பிள்ளை பெத்தனான் எண்டு சொல்லுங்கோ."

அந்தச் சொல்லை நான் ஒரு பாசையிலும் சொன்னதில்லை. பிள்ளை தங்கவில்லை என்பேன், கிடைக்கவில்லை என்பேன், ஆஸ்பத்திரிக் கடுதாசியில் இழப்பு என்று எழுதியிருந்தது. அன்று முதல்முறையாக வாயைத் திறந்து, என் மனைவி பிள்ளை பெற்றவள், பிள்ளை இறந்துவிட்டது, பெற்றவளுக்கான கறியை அவளுக்கு ஒருவரும் வைத்துக் கொடுக்கவில்லை என்று சொன்னேன்.

அந்தப் பெண் அம்மாவிடம் திரும்பினார். "மாஸ்கியோ? ஃபெம்மினா?" என்றார். ஆணா, பெண்ணா.

எங்களை அப்படி ஒருவரும் கேட்டிருக்கவில்லை. அம்மாவுக்கு அந்த அளவு இத்தாலியன் விளங்கும். எனக்காகக் காத்திருக்காமல் அவரே சொன்னார், "ஃபெம்மினா."

அவர் தலையை ஆட்டினார். அம்மியை வழித்துத் துடைத்துவிட்டு விலகி நின்றார். மல்லிப் போத்தலையும் மிளகையும் எடுத்து வைத்தார். உள்ளியைத் தானே உரித்துக் கொடுத்தார். அம்மாவின் கைகளில் பலம் இல்லை, குழவி சறுக்கியது. அந்தப் பெண் உதவிக்கு வரப்போனார். அம்மா வேண்டாம் என்று முழங்கையால் தடுத்தார். கோழித் துண்டுகள் சிலதைப் போட்டுத் தண்ணியாகக் கறி வைத்தார்கள். மேசையில் இருந்த மொரிசியஸ் பெடியன் ஒருவன் மூக்கை உயர்த்தி, "இதிலை எனக்கும் கொஞ்சம்" என்றான். "உனக்கு எப்பப் பிள்ளை பிறந்தது?" என்று அந்தப் பெண் அவனை அடக்கினார்.

அம்மா சோற்றில் விட்டுப் பிசைந்து சாப்பிட்டார். அழுதுகொண்டுதான் சாப்பிட்டார். ஆனால் விழுங்கினார். அன்றோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். பிறகும் சாப்பிடாத நாட்கள் இருந்தன. ஆனால் அந்தக் கட்டிலுக்கு அவர் போகவேண்டி வரவில்லை.

பாதிச் சாப்பாட்டில் என்னைப் பார்க்காமல் கேட்டார், "நீங்கள் பாத்தனீங்கள் எல்லோ?"

அம்மா மயக்கத்தில் இருந்தபோது தாதி பிள்ளையை ஒரு துணிக்குள் வைத்து எனக்கு மட்டும்தான் காட்டினாள். அம்மா கேட்டதில்லை. நான் சொன்னதில்லை.

"பாத்தனான்."

"ஆரின்ர முகம்?"

"நெத்தி உம்மட. நாடியும் உம்மட."

"உங்கட ஒண்டும் இல்லையோ?"

"காது என்ர காது. பாவம்."

அம்மாவின் வாய் கோணியது. சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. "தலைமயிர்?"

"நிறைய. ஈரமாக் கிடந்தது. சுருள்."

அம்மா கோப்பையில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்தார். வழித்து நாக்கில் வைத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சோறு கேளுங்கோ" என்றார். "பிள்ளையின்ர கையைப் பற்றியும் சொல்லுங்கோ. நான் சாப்பிடச் சாப்பிடச் சொல்லுங்கோ."