பீட்சா ஓவனுக்கு முன்னால் ஓர் அட்டைப்பெட்டி

எலெக்ட்ரீஷியன் வேலையில் ஒயரைத் தொடும் நேரம் கொஞ்சம்தான். வாங்கப்போகும் பொருளைப் பற்றி அடுத்தவர் காணும் கனவுக்குப் பக்கத்தில், ஸ்க்ரூடிரைவரும் கையுமாக நிற்கும் நேரம்தான் அதிகம். என்னைப் போல ஏணி சுமக்கும் சகோதரர்களுக்கு இது புரியும்.

இப்போது மும்பையில் எல்லாருக்கும் வீட்டிலேயே பீட்சா சுடும் ஓவன் மேல் ஆசை. "எங்க லைன் தாங்குமா?" என்று கூப்பிடுகிறார்கள். தனியாக ஓர் ஒயர் இழுத்தால் லைன் தாங்கும். வீடு தாங்குமா என்பதுதான் கேள்வி. அதனால் ஓவன் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டியை, அது வரப்போகும் இடத்தில் வைத்துவிட்டு வருவேன். ஒரு வாரம் அதோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள், பிறகு முடிவு செய்யலாம் என்பேன்.

தாராவியில் எங்கள் ஒற்றை அறையிலும் அந்த ஆசை உண்டு. என் மனைவி மைமூன் வீட்டிலிருந்தபடியே தோல் பைகளுக்கு ஜிப் தைக்கிறாள். சாயங்காலமானால் கண்ணில் நீர் வடிகிறது. தோசைக்கல்லை மூடி அவள் சுடும் பீட்சாவுக்கு எங்கள் சந்தில் ஏகப்பட்ட கிராக்கி. ஓவன் வந்தால் தையலை விட்டுவிட்டு அதையே தொழிலாக்கலாம் என்கிறாள். "இடம் எங்க இருக்கு?" என்பேன். அதைச் சொல்லும்போது அவள் கண்ணை நான் பார்ப்பதில்லை.

குனியாமல் ஒரு டிகாஷன்

மாட்டுங்காவில் ஒரு மாமாவும் மாமியும். மாமா ரிட்டயர் ஆனவர். மாமிக்கு ஓவனின் கண்ணாடிக் கதவு பிடித்துப்போயிற்று. உள்ளே சீஸ் மெல்ல உருகுவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாமாம், ஜன்னலில் மழை பார்ப்பது மாதிரி. அவர் சொன்ன விதத்தில் எனக்கும் கண் சொருகியது. மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் நடுவில் பெட்டியை வைத்துவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் போனால் பெட்டி மேல் காபி ஃபில்டர், பக்கத்தில் டபரா. குனியாமல் டிகாஷன் எடுக்கத் தோதான உயரமாம். மாமி அட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஓவன் வந்தா ஃபில்டரை எங்கே வச்சுக்கறது? இந்தப் பெட்டியையே விட்டுட்டுப் போயிடுங்கோ."

பால்கனியில் மூவர்

செம்பூரில் புதிதாகக் கல்யாணமான ஜோடி. பால்கனியில் ஓவன், சுற்றிலும் நண்பர்கள், குட்டிக் குட்டி விளக்குகள் என்று அந்தப் பையன் சொல்லிக்கொண்டே போனான். அவன் மனைவி கொடியில் காயும் துணிகளை ஒதுக்கி எனக்கு இடம் காட்டினாள். துணி விலகியதும் கீழே ஒரு குல்மொஹர் மரம் முழுக்கப் பூத்து நின்றது. அதை அவர்களே அன்றுதான் பார்த்தார்கள் போல. மூன்று பேரும் கம்பியில் சாய்ந்து அதையே பார்த்தோம்.

பெட்டிக்காகத் துணிக்கொடி உள்ளே போனது. பெட்டிக்குத் துணையாக இரண்டு ஸ்டூல் வந்தது. ஆபீஸ் விட்டு வந்து டீயோடு அங்கே உட்காரத் தொடங்கினார்கள். நான் மறுபடி போனபோது அந்தப் பெண் சிரித்தாள்: "ஓவன் கேன்சல், பாய். எங்க வீட்ல உக்கார இவ்ளோ இடம் இருக்குன்னு இப்பதான் தெரிஞ்சுது."

சூடில்லாத பீட்சா

டோம்பிவிலி வீட்டில் இரண்டு வாண்டுகள். பெட்டியில் ஸ்கெட்ச் பேனாவால் கதவும் திருகும் வரைந்துவிட்டார்கள். பிரெட்டில் சாஸ் தடவி உள்ளே வைத்து, வெந்துவிட்டதா என்று காத்திருப்பார்கள். தினமும் ரயிலில் நசுங்கி வரும் அவர்கள் அப்பாவும் சட்டையைக்கூட மாற்றாமல் கூடவே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாராம். நான் தனி லைன் இழுத்துக்கொடுத்த வீடு அதுதான். ஞாயிறு தவறாமல் அங்கே பீட்சா வேகிறது. ஓவன் வந்த அன்று பெட்டியைத் தூக்கப் போனேன். சின்னவள் ஓடிவந்து மறித்தாள்: "அங்கிள், அத எடுத்துட்டுப் போகாதீங்க. ஓவன் ரிப்பேரானா வேணும்."

எங்கள் மூலை

இரண்டு வாரம் முன்னால் வேலை முடிந்து வந்தேன். எங்கள் அறை மூலையில் ஓர் அட்டைப்பெட்டி, ஓவன் அளவுக்கு. மைமூன் குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. வாரம் ஓடியது. அது காலில் இடிக்கவில்லை, யார் வழியையும் மறிக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத் தூக்கத்தில் அந்தப் பெட்டிக்குள் செக்கச்செவேலென்று வெளிச்சம். அதன் முன்னால் மைமூன் மாவுக் கையோடு நிற்கிறாள், கண்ணில் நீர் இல்லை. விழித்த பிறகும் எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்தேன். அவள் இப்படி நின்று எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

மறுநாள் ஒரு பழைய ஃபேன் மோட்டார் தேவைப்பட்டது. கருகிய மோட்டார், உடைந்த ரெகுலேட்டர், என்றைக்காவது உதவும் என்று சேர்த்த துண்டு ஒயர் எல்லாம் அந்த மூலையில்தான் குவிந்து கிடக்கும். குவியலையே காணோம். எங்கே என்று கேட்டேன். தையலிலிருந்து கண்ணை எடுக்காமல் மைமூன் சொன்னாள்: "எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளதான் கெடக்கு மச்சான். ஒங்க குப்பைக்கு இருந்த எடம் என் அடுப்புக்கு இல்லியா?"

ஊரார் வீட்டுக்கெல்லாம் பெட்டி வைத்துத் தீர்ப்புச் சொன்ன நான், குவியலைப் பழைய சாமான்காரரிடம் தள்ளிவிட்டு, இப்போது என் வீட்டுச் சுவரில் தனி லைன் இழுத்துக்கொண்டிருக்கிறேன். கூலி கேட்கத்தான் இன்னும் தைரியம் வரவில்லை.