ஒன்பதாவது நாற்காலி

வெளியுறவுத் துறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பட்டியலக்கா என்றால் வாசல் காவலருக்கும் தெரியும், அமைச்சரின் செயலருக்கும் தெரியும். எந்த நாட்டுக்காரர்கள் பேச்சுவார்த்தைக்கு வந்தாலும் யார் எங்கே உட்கார வேண்டும் என்று பட்டியல் போடுவது அவள்தான். பத்தொன்பது வருஷமாக ஊரையெல்லாம் உட்கார வைத்தவள் அந்த மேஜையில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

அதற்காக ஏங்கினாளா என்றால், முதல் பதினேழு வருஷம் இல்லை. சின்னவள் வந்த பிறகுதான் வினை பிடித்தது.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி. மாடியில் இவள் குடும்பம், கீழே அவள் குடும்பம். கல்யாணமான புதிதில், "வீட்ல சும்மா இருக்க போரடிக்குதுக்கா" என்று அவள் சொன்னபோது, துறையில் ஆள் எடுக்கிறார்கள் என்று துப்புக் கொடுத்ததே பட்டியலக்காதான். விண்ணப்பத்தையும் தன் கையாலேயே நிரப்பிக் கொடுத்தாள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். வந்தவள் இரண்டே வருஷத்தில் துறைத் தேர்வு எழுதி அலுவலர் ஆகிவிட்டாள். அதே தேர்வை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் கோட்டை விட்டவள் பட்டியலக்கா. இன்றைக்கும் உதவியாளர்தான்.

இந்த நிலைமையில்தான் நேச நாட்டோடு கலந்தாலோசனை என்று அறிவிப்பு வந்தது. இரண்டு நாடும் நகமும் சதையும் போல என்று பேப்பரில் எழுதுவார்கள். ஆனால் நகமும் சதையும் சந்திக்கிற அறையில் எல்லாம் சரிசமமாக இருந்தாக வேண்டும். கொடிக் கம்பங்கள் ஒரே உயரம். அவர்கள் எட்டுப் பேர் என்றால் இந்தப் பக்கமும் எட்டுப் பேர். ஒரு நாற்காலி காலியாகக் கிடந்தால்கூட மரியாதைக் குறைச்சல். பட்டியலக்கா மூன்று நாள் டேப் பிடித்து அளந்தாள். மேஜையில் வைக்கும் பெயர் அட்டைகளில் எட்டாவதில் சின்னவளின் பெயரை எழுதச் சொன்னார் துணைச் செயலர். குறிப்பெடுக்கும் வேலையாம். எழுதும்போது வயிறு எரிந்தது. எழுத்து மட்டும் வழக்கம்போல் முத்து முத்தாக விழுந்தது, அதுவும் எரிச்சலாக இருந்தது.

அன்று காலை வீட்டுப் படியில் சின்னவள் புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு நின்றாள். "நல்லா இருக்காக்கா?"

"தோள்பட்டை கொஞ்சம் தொங்குது" என்றாள் இவள். தொங்கவில்லை. அளவெடுத்து வார்த்த மாதிரி அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

கூட்டம் பன்னிரண்டு மணிக்கு. பத்தரைக்கு நேச நாட்டுத் தூதரகத்திலிருந்து ஒரு வரிச் செய்தி வந்தது: கூடுதலாக ஓர் ஆலோசகர் வருகிறார், தங்கள் தரப்பில் ஒன்பது பேர். பட்டியலக்கா அதை எடுத்துக்கொண்டு துணைச் செயலரிடம் ஓடினாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அப்ப நம்ம பக்கமும் ஒரு ஆள் வேணும். நீங்களே உட்காருங்களேன்" என்றார். "தொடக்க அமர்வுதான், இருபது நிமிஷம். கேமராக்காரங்க வருவாங்க, அவங்க அமைச்சர் எல்லார் கையையும் குலுக்குவார். அவ்வளவுதான்."

அவளுக்குக் காது அடைத்துவிட்டது. தன் பெயரை அட்டையில் எழுத உட்கார்ந்தவள், இரண்டு அட்டைகளைப் பாழாக்கினாள். மூன்றாவதை எடுத்துக்கொண்டு கூட்ட அறைக்குப் போனாள்.

அமைச்சர் நடுவில். அடுத்தவர் அவருக்கு வலப்பக்கம், அதற்கடுத்தவர் இடப்பக்கம் என்று மாறி மாறிப் போகும். அப்படிப் போனால் எட்டாவது ஆள் வலது கோடியில், ஒன்பதாவது ஆள் இடது கோடியில். பார்க்கிறவர்களுக்கு இரண்டு கோடியும் ஒன்றுதான். ஆனால் வலது கோடி உசத்தி, இடது கோடி ஒரு படி கீழே. அந்தக் கட்டடத்திலேயே இந்த நுணுக்கம் நாலைந்து பேருக்குத்தான் தெரியும். அந்த நாலைந்து பேரில் ஒருத்தியாக இருந்தது பட்டியலக்காவின் தலையெழுத்து.

அறையில் யாருமில்லை. தன் அட்டையையும் சின்னவள் அட்டையையும் இடம் மாற்றி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியாக இருந்தது! ஆனால் உதவியாளர் மேலே, அலுவலர் கீழே என்றால் அந்த நாட்டுப் பட்டியல்காரி ஒரே பார்வையில் கண்டுபிடித்துச் சிரிப்பாள். முறை முறைதான் என்று பத்தொன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவளும் இவளேதான். அட்டைகளைப் பழையபடி வைத்தாள். தான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவளுக்குக் கீழே போய் உட்கார்ந்தால் வீட்டில் எந்த முகத்தோடு மாடியேறுவது? அதற்கு நின்றுகொண்டே இருக்கலாம். தன் அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனாள்.

"எனக்கு வேணாம் சார். வெளியில ஒரு ஆள் இருக்கணும், ஏதாவது காகிதம் வந்தா யார் பார்ப்பாங்க?"

அதெல்லாம் முடியாது, நீங்கள்தான் உட்கார வேண்டும் என்று அவர் வற்புறுத்துவார் என்று நினைத்தாள். வற்புறுத்தினால் ஒருவேளை ஒப்புக்கொண்டிருப்பாள். அவரோ, "அதுவும் சரிதான். அப்ப வேற ஆளைப் பிடிங்க, நாற்காலி காலியா இருக்கக் கூடாது" என்று போனை எடுத்துவிட்டார்.

யார் கிடைப்பார்கள்? ஒருவர் லீவு, இன்னொருவர் செருப்போடு வந்திருந்தார். கடைசியில் அகப்பட்டவர் துறையின் மைக் மெக்கானிக். காதில் மாட்டிக்கொண்டு எல்லாருடைய பேச்சையும் கேட்பதே அவர் வேலை, ஆகவே ரகசியம் கெடுமே என்ற கவலை இல்லை. மைக்கை உதவி ஆள் பார்த்துக்கொண்டான். துணைச் செயலர் தன் கோட்டைக் கழற்றி அவருக்கு மாட்டிவிட்டார். அட்டையில் அவர் பெயரையும் 'ஆலோசகர்' என்பதையும் பட்டியலக்காவே எழுதினாள்.

இருபது நிமிஷம் கதவுக்கு வெளியே நின்றாள். ஒரு காகிதமும் வரவில்லை. கதவு திறந்ததும் முதலில் வந்தவர் மெக்கானிக்தான். "உங்க புண்ணியம்க்கா! அந்த அமைச்சர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு என்னமோ பேசினார். ஒண்ணும் புரியல, நல்லா தலையாட்டிட்டேன்."

காலையில் ஒருத்திமேல் மட்டும் இருந்த பொறாமை மதியத்துக்குள் இரண்டு பேர்மேல் ஆகிவிட்டது.

இடைவேளையில் சின்னவள் அவளைத் தேடி வந்தாள். "ஏன்க்கா நீங்க உட்காரல? நீங்க வர்றீங்கன்னு சார் சொன்னார். உங்களுக்குப் போட்டிருந்த கோடிக்கு நேரா கேமரா. என் பக்கம் தூண் மறைக்குது, என் காது மட்டும்தான் படத்துல விழுந்திருக்கும். அக்காவுக்குப் போய் அந்த இடமான்னு எனக்கு ஒரே வயித்தெரிச்சல். நிஜமா சொல்றேன், உங்கமேல பொறாமையா இருந்துச்சு."

பட்டியலக்கா கேட்டாள்:

"எவ்வளவு நேரம்?"

"என்னதுக்கா?"

"எம்மேல பொறாமைப்பட்டியே. எவ்வளவு நேரம் பட்ட?"

சின்னவள் யோசித்தாள். "ஒரு அரை மணி நேரம் இருக்கும். அப்புறம்தான் மைக்குக்காரர் வந்து உட்கார்ந்துட்டாரே."