மூன்றாவது பட்டை

ஒருவர் போட்டுக் கழற்றிய சட்டையை வைத்து, அவர் யாராக இருந்தார் என்று சொல்லிவிட முடியுமா? பள்ளியை விட்டு வெளியே வந்த புதிதில் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. காக்கி அக்காவைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் "முடியும்" என்றிருப்பாள்.

பேருந்து நிலையத்துப் பின்சந்தில், சைக்கிள் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவே அவள் கடை. அப்போது நான் அங்கே எடுபிடி. பட்டாளத்தில் கழித்துப் போட்ட கோட்டு, பூட்ஸ், தொப்பி, பித்தளை வில்லை எல்லாம் அங்கே கிடைக்கும். பழைய கம்பளி விற்க ஆரம்பித்தவள், நாடகத்துக்குத் தைத்த கோட்டை அசல் என்று வாங்கித் தெருவே சிரிக்க ஏமாந்த பிறகுதான் தையலை உற்றுப் பார்க்கப் பழகினாள். எந்தக் கோட்டு வந்தாலும் முதலில் உள்பக்கத்தைத் திருப்புவாள். "வெளிப்பக்கம் விருந்தாளிகிட்ட பேசற மாதிரி பேசும். உள்பக்கம்தான் வீட்டுப் பேச்சு" என்பாள். கடைசியாகப் புற ஊதா விளக்கு. இந்தக் காலத்து நூல் அந்த வெளிச்சத்தில் பல்லைக் காட்டிவிடும். அந்தக் காலத்துப் பருத்தி நூல் வாயே திறக்காது.

ஒரு மத்தியானம் வயதான அம்மா ஒருத்தி, மடித்த கோட்டை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். கூடவே அவள் கொழுந்தன். பழைய படைவீரர் சங்கத்துக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டி வைத்து, இறந்துபோன வீரர்களின் உடுப்பைப் பெயரோடு வைக்கப் போகிறார்கள். காக்கி அக்கா அசல் என்று சொன்னால்தான் எதுவும் உள்ளே போகும்.

"என் வீட்டுக்காரர் கோட்டும்மா. கையில மூணு பட்டை, ஹவில்தார்."

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அண்ணன் பட்டாளத்துல இருந்தது நிஜம். துப்பாக்கி பிடிச்சாரா, கரண்டி பிடிச்சாரானுதான் இன்னும் தெரியலை."

"வாயை மூடுங்க தம்பி. பொண்ணு கல்யாணத்துல 'எங்க அண்ணன் மூணு பட்டை'னு சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்ட பீத்திக்கிட்டது யாரு?"

அக்கா கோட்டைத் திருப்பினாள். துணி அசல். பொத்தான் அசல். உள்பையில் அடித்த முத்திரையும் அசல். விளக்கைக் கையில் பிடித்துத் தோள்பக்கம் கொண்டுபோனதும், மூன்று பட்டைகளின் ஓரமும் பளிச்சென்று மின்னியது.

"கோட்டு அசல்மா. பட்டைங்க பின்னாடி வெச்சுத் தைச்சது. சங்கத்துல கேட்டா அப்படித்தான் நான் சொல்ல முடியும்."

"நான் சொல்லலை?" என்றார் கொழுந்தன்.

அந்த அம்மாவின் முகம் சுண்டிப்போனது. "அவர் புளுகினார்ங்கறியா?"

"நூல் புதுசும்மா."

"புதுசாத்தான் இருக்கும்! துவைக்கறப்பல்லாம் பட்டையைப் பிரிச்சு எடுத்துட்டு, காய்ஞ்சதும் நான்தானே தைப்பேன்? அப்படியே தண்ணியில போட்டா சாயம் இறங்கிடாது?"

அக்காவின் கை நின்றது. எத்தனையோ கோட்டுகளைக் குடைந்து குடைந்து கேட்டிருக்கிறாள். துவைத்தவளை ஒருநாளும் கேட்டதில்லை.

"என் தப்பும்மா. அவசரப்பட்டுட்டேன். பட்டையைப் பிரிச்சுப் பார்க்கலாமா? வருஷக்கணக்கா இருந்திருந்தா அடியில வெயில் பட்டிருக்காது. துணி வெளுக்காம இருக்கும்."

"வெளுத்திருந்தா?"

அந்த அம்மா கோட்டுக் கையை வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "பிரி" என்றாள்.

முதல் பட்டைக்கு அடியில் துணி வெளுக்காமல் பச்சைப்பசேலென்று இருந்தது. சுற்றிலும் எறும்பு ஊர்ந்த மாதிரி ஊசித் துளைகள், வரிசைமேல் வரிசையாக. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு அடியில் துணி மற்ற இடம் போலவே வெளுத்துக் கிடந்தது. துளையும் ஒரே வரிசைதான்.

அக்கா வாய் திறப்பதற்குள் அந்த அம்மாவே பேசினாள்.

"மூணாவது தர்றோம்னு சொல்லியிருந்தாங்களாம். இவரும் சந்தோஷத்துல எல்லார்கிட்டயும் சொல்லிட்டு, பட்டையையும் முன்கூட்டியே வாங்கி வெச்சுட்டார். அதுக்குள்ள கால் போச்சு. வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கடைசியா படுத்துக் கிடந்தப்போ, 'அதையும் தைச்சிடேன்'னார். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டார். குரலைத் தாழ்த்தி அக்காவிடம் கேட்டார்: "மூணுன்னே சொல்லிடேம்மா. கண்ணாடிக்குள்ள போனப்புறம் யாரு பிரிச்சுப் பார்க்கப் போறா?"

"இவ்வளவு நேரம் கரண்டின்னீங்களே?"

"அது எங்க வீட்டுச் சண்டை. வெளியாளுங்க சிரிக்கக் கூடாது."

அக்கா அந்த அம்மாவைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள் அந்த அம்மா. "இது ஒண்ணு பொய்னு தெரிஞ்சா, அவர் உழைச்சு வாங்கின ரெண்டையும் யாரும் நம்ப மாட்டாங்க. ஊசி குடு."

அக்கா நூல் கோத்துக் கொடுத்தாள். கடை மேசையிலேயே உட்கார்ந்து அந்த அம்மா இரண்டு பட்டைகளையும் பழைய நிழலின் மேலேயே பொருத்தித் தைத்தாள். மூன்றாவதைச் சுருட்டித் தன் பணப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "அண்ணி, கோட்டை நான் தூக்கிட்டு வர்றேன்" என்று கொழுந்தன் கை நீட்டினார். அவள் கொடுத்தாள்.

இன்று சங்கக் கூடத்துக்குப் போனால், அந்தக் கோட்டு இரண்டு பட்டையோடு இருப்பதைப் பார்க்கலாம். இறந்துபோனவரின் உடுப்பைக் கையில் எடுத்து, நூல் புதுசு என்ற ஒன்றை மட்டும் வைத்து அவரையே பொய்யர் என்று யாராவது சொல்ல வந்தால், அவர்களை உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். கேட்டவர்களையும் இன்னொருவருக்குச் சொல்லச் சொல்லுங்கள்.