இரண்டு பேருக்குத்தான் இடம்

நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் கால் ஊனமாயிற்று.

இப்படி எழுதிவிட்டுப் பார்த்தால் இதுவும் முழு உண்மையாகத் தோன்றவில்லை. கல்லெறிந்தவர்கள் வேறு யாரோ. தீ வைத்தவர்கள் வேறு யாரோ. நான் செய்ததெல்லாம் ஒரு வாசலில் நின்று ஒரு வாக்கியம் சொன்னதுதான்... அதற்கு எவ்வளவு பங்கு? இத்தனை ஆண்டுகளாக எனக்குக் கணக்குப் பிடிபடவில்லை. உங்களுக்குப் பிடிபடுகிறதா என்று பாருங்கள்.

தொண்ணூற்றொன்றின் இறுதி. காவிரித் தண்ணீரின் பெயரால் பெங்களூர் கொதித்துக்கொண்டிருந்த நாட்கள். மல்லேஸ்வரத்துக்குப் பின்புறம் ரயில் பாதையை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். என் கணவர் எலக்ட்ரீஷியன். அடுத்த வீட்டில் தங்கவேலு அண்ணனும் அவர் மனைவி கஸ்தூரி அக்காவும் இருந்தார்கள். மகள் மல்லிகா. தங்கவேலு அண்ணனும் என் கணவரும் திருப்பத்தூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். பெங்களூருக்கு ஒன்றாக ரயிலேறியவர்கள்.

எனக்குத் திருமணமாகி அப்போது இரண்டு ஆண்டுகள். எங்கள் வீடு ஒற்றை அறை. நடுவில் ஒரு சேலைத் திரை. திரைக்கு அந்தப்புறம் மாமியார். அவர் இருமினால் நாங்கள் பேச்சை நிறுத்துவோம். "ரெண்டு வருஷமாச்சு, இன்னும் வயித்துல ஒண்ணும் காணோம்" என்று பகலில் கேட்பவரும் அவரே.

அன்று காலை மாமியார் பயந்துபோய் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டார். மூன்று மணிக்கு என் கணவர் மூச்சிரைக்க வந்தார்.

"ஏரிக்கரை ஓட்டல்ல வயரிங் பண்ணேன்ல, அந்த மேனேஜர் ரூம் தர்றாராம். அங்க யாரும் வர மாட்டாங்க. கஸ்தூரியையும் புள்ளையையும் கெளம்பச் சொல்லு. தங்கவேலு பொம்மசந்திரா ஃபேக்டரில மாட்டிக்கிட்டான், பஸ் இல்ல. நாலு பேரும் போயிடலாம். நான் ஆட்டோவை முனைல நிறுத்தி வச்சிருக்கேன்."

அவர் ஆட்டோவுக்குத் திரும்பி ஓட, நான் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போனேன். கஸ்தூரி அக்கா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மல்லிகா அவர் முதுகில் சாய்ந்திருந்தாள்.

"எங்க சாந்தா கெளம்பிட்டீங்க?"

"அவருக்குத் தெரிஞ்ச எடத்துக்கு அக்கா. இன்னிக்கி ஒரு ராத்திரிக்கு."

"நாங்களும் வரட்டுமா? புள்ள பயப்படுது."

கூப்பிடத்தான் போயிருந்தேன். சத்தியமாகக் கூப்பிடத்தான். ஆனால் வாயில் வந்தது வேறு.

"ரெண்டு பேருக்குத்தான் இடம்னு சொல்லிட்டாங்க அக்கா. அவரும் கேட்டுப் பாத்தாரு."

ஏன் சொன்னேன்? ஓர் அறை, ஒரு கதவு, திரையில்லாமல் ஓர் இரவு... அந்த ஆசைதான் என்று பின்னாளில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கணத்தில் ஆசை என்று ஒன்று தெரிந்ததா என்றால், இல்லை. ஊர் எரியும்போது எந்தப் பெண்ணுக்கு அப்படித் தோன்றும்? தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றியிருக்கிறது.

முனைக்கு வந்து என் கணவரிடம், "அவங்க வரலையாம். அண்ணன் எப்படியும் வந்துடுவாருன்னு காத்திருக்காங்க" என்றேன்.

"நான் ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்" என்று அவர் திரும்பினார். ஆட்டோக்காரர், "பேக பேக" என்று அவசரப்படுத்தினார். நான் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஏறிவிட்டார். வழியெல்லாம் அவர் கன்னடத்திலேயே பேசினார். நான் வாயைத் திறக்கவில்லை.

ஓட்டல் வாசலில் மேனேஜர் எங்களை எண்ணிப் பார்த்தார். "இப்பரேனா?" என்றார். இருவர்தானா என்று கேட்கிறார். என் கணவர் ஏதோ விளக்கம் சொன்னார். அறையில் இரட்டைக் கட்டிலும் ஒரு நீள சோபாவும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஏரி, சாயங்கால வெயிலில் தகதகத்தது. சற்று நேரத்தில் சாப்பாடு வந்தது. நான்கு தட்டுகள்.

நான் நன்றாகச் சாப்பிட்டேன். இதைச் சொல்லாவிட்டால் இந்த ஒப்புதலே பொய்யாகிவிடும். நன்றாகச் சாப்பிட்டேன், ஜன்னலோரம் கணவரின் தோளில் சாய்ந்து நீர்க்கோழிகளைப் பார்த்தேன், இரண்டு ஆண்டுகளில் முதன்முறையாகக் குரலைத் தணிக்காமல் சிரித்தேன். அவர் மட்டும், "புடிவாதக்காரி, வந்திருக்கலாம்ல" என்று இரண்டு முறை சொன்னார். அவர் பேச்சை நான் மாற்றினேன். என் மகள் அந்த இரவில்தான் கருவானாள்.

மறுநாள் திரும்பினோம். முனையிலிருந்த விறகுக் கடை கரியாகிக் கிடந்தது. லைன் வீட்டுக் கூரைகளில் ஓட்டைகள். கல் விழத் தொடங்கியதும் கஸ்தூரி அக்கா பிள்ளையை இழுத்துக்கொண்டு பின்பக்கம் ஓடியிருக்கிறார். ரயில் பாதைச் சரிவில் மல்லிகா உருண்டு விழுந்ததில் கால் எலும்பு முறிந்துவிட்டது. எதிர்ச்சாரியிலிருந்த கௌரம்மா என்ற கன்னடத்து அம்மாள் இருவரையும் தன் பூஜை அறைக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். அவர் வீட்டில் ஏழு பேர். அவர் இடமில்லை என்று சொல்லவில்லை.

அன்று ஊரடங்கு போட்டுவிட்டதால் இரண்டு நாட்களுக்கு மருத்துவமனைக்குப் போக வழியில்லை. பிறகு கட்டுப் போட்டும் எலும்பு கோணலாகவே கூடிவிட்டது.

நான் போய்ப் பார்த்தபோது கஸ்தூரி அக்கா என்னைத் திட்டவில்லை. "ரெண்டு பேருக்குத்தான் எடம்னா நீ என்னம்மா பண்ணுவ" என்றார். திட்டியிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேனோ? சொல்லியிருக்க மாட்டேன் என்றே இப்போது நினைக்கிறேன். மூன்றாம் நாள் தங்கவேலு அண்ணன் நடந்தே வந்து சேர்ந்தார். ஒரு வாரத்தில் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டார்.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து ஒரு மாலை என் கணவர் முகம் வாடி வீட்டுக்கு வந்தார். ஓசூர் பேருந்து நிலையத்தில் தங்கவேலுவைப் பார்த்தாராம்.

"பாத்தும் பாக்காத மாதிரி போறான் சாந்தா. பக்கத்துல அந்தப் பொண்ணு, காலைச் சாய்ச்சுச் சாய்ச்சு நடக்குது. நான் அவனுக்கு என்ன செஞ்சேன்?"

"மறந்திருப்பாரு" என்றேன்.

அவர் விடவில்லை. இரண்டு கடிதம் போட்டார், பதில் இல்லை. ஒரு ஞாயிறு, நேரிலேயே கேட்டுவிடுகிறேன் என்று திருப்பத்தூருக்குப் புறப்பட்டார். என்னையும் அழைத்தார். தலைவலி என்றேன். தடுக்கவும் இல்லை. தெரிந்துவிடட்டும் என்று விரும்பினேனா, தெரியக் கூடாது என்று வேண்டினேனா... இரண்டையும் செய்தேன்.

மாலையில் திரும்பி வந்தார். காலைக் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். மகள் பள்ளிப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவள் எழுந்து உள்ளே போகும் வரை பொறுத்திருந்தார்.

"ரெண்டு பேருக்குத்தான் எடம்னு சொன்னாங்களாமே, நீயும் கேட்டுப் பாத்தியாமேன்னான் தங்கவேலு. அப்படின்னா உம் பொண்டாட்டியோட எம் பொண்டாட்டி புள்ளையை அனுப்பிட்டு நீ நின்னிருக்க வேண்டியதுதானேன்னு கேட்டான்."



"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாடா, கேட்டேன், எனக்கு அப்ப தோணலைன்னு சொன்னேன். அவன் கால்ல விழுந்துட்டு வந்தேன்."

அவ்வளவுதான். ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்கவில்லை. எப்போதும் போல் சாப்பிடுகிறார், வேலைக்குப் போகிறார், மகளோடு சிரிக்கிறார். என்னை மன்னித்துவிட்டாரா, வெறுத்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. செய்யாத குற்றத்தை ஏற்றுக்கொண்டு, தன் நண்பனின் முன்னால் என் இடத்தில் அவர் நிற்கிறார்.

நான் வாயைத் திறந்தால் அவர் அங்கிருந்து இறங்கிவிடலாம். நான் இன்னும் திறக்கவில்லை.